எந்த ஸ்டில்லை நம்புவது? 1978 சூப்பர்மேன் உடையைப் படங்களிலிருந்து மறுபடி தைத்தல்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது 1978இல் வெளியான ‘சூப்பர்மேன்’ படத்தில் கிறிஸ்டோபர் ரீவ் அணிந்த உடை. வடிவமைத்தவர் ஈவோன் பிளேக். நீல உடுப்பு, சிவப்பு ஜட்டி, மஞ்சள் பெல்ட், சிவப்பு கேப், சிவப்பு பூட்ஸ், மார்பில் ஒரு சின்னம். அவ்வளவுதான். இப்போதைய சூப்பர்ஹீரோ உடைகளில் இருக்கும் அச்சுக் கோலமோ, ரப்பர் வார்ப்போ, கவசமோ எதுவும் இல்லை. உள்ளே பொய்த்தசை வைக்க ரீவ் மறுத்துவிட்டதால் திணிப்பும் இல்லை. டேவிட் பிரவுஸிடம் பயிற்சி எடுத்து உடம்பை ஏற்றிக்கொண்டார்.

எளிதாகத் தெரிவதால் பலர் இதில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் இதைத்தான் துல்லியமாகக் கொண்டுவருவது கடினம். கவச உடையில் ஒரு தகடு அரை சென்டிமீட்டர் தள்ளிப்போனால் யாருக்கும் தெரியாது. வெறும் நீலத் துணியில் ஒரே ஒரு சின்னம் இருக்கும்போது அதே அரை சென்டிமீட்டர் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும்.

இந்த உடையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை தையலில் பிறப்பதில்லை. படங்களைச் சேகரிக்கும் கட்டத்திலேயே பிறந்துவிடுகின்றன. அதனால் இந்த ஆய்வின் முதல் பாதி ஊசியைத் தொடவே இல்லை.

ஒரு உடை அல்ல, பல உடைகள்

இணையத்தில் கிடைக்கும் படங்களை ஒரே ஃபோல்டரில் கொட்டி, எல்லாவற்றுக்கும் சராசரி எடுத்தால் எந்தக் காட்சியிலும் இல்லாத ஓர் உடைதான் வரும். காரணங்கள் பல.

முதலாவது நீலம். பறக்கும் காட்சிகளில் ஒரு பகுதி நீலத் திரைக்கு முன்னால் படமாக்கப்பட்டது. அந்த முறையில், தனித்தனியாக எடுத்த படங்களை ஒன்றாகச் சேர்க்கும் ஆப்டிகல் பிரிண்டர் என்ற கருவி, நீலமாக இருப்பதையெல்லாம் பின்னணி என்று எண்ணி நீக்கிவிடும். நீல உடையோடு நின்றால் தலையும் கைகளும், கேப் போன்ற சிவப்பு, மஞ்சள் பகுதிகளும் மட்டும்தான் மிஞ்சும். அதனால் அந்த ஷாட்களுக்கு டர்க்காய்ஸ் நிறத்தில், அதாவது பச்சை கலந்த நீலத்தில், தனி உடைகள் தைக்கப்பட்டன. பிறகு பிரிண்ட் எடுக்கும்போது நிறம் திருத்தப்பட்டது. திரையில் நீலமாகத் தெரிந்தது செட்டில் எடுத்த ஸ்டில்லில் டர்க்காய்ஸாகவே இருக்கும். அந்த ஸ்டில்லை அசல் நிறம் என்று நம்பித் துணி வாங்கியவர்கள் ஏராளம். ஒரு படத்தில் சிவப்பும் மஞ்சளும் இயல்பாக இருந்து, நீலம் மட்டும் மயில்கழுத்துப் பக்கம் சாய்ந்திருந்தால் அது இந்த வகைதான். படம் மொத்தமாகப் பச்சை சாய்ந்திருந்தால் அது ஸ்கேனின் கோளாறு. இரண்டையும் பிரிக்க முகத்தின் தோல்நிறத்தைப் பார்த்தாலே போதும்.

இரண்டாவது உடம்பு. படப்பிடிப்பு 1977இல் தொடங்கி நீண்ட காலம் நடந்தது. அந்த இடைவெளியில் ரீவின் தோளும் மார்பும் கண்கூடாக ஏறின. ஆக, சின்னத்துக்கும் தோள் அகலத்துக்கும் உள்ள விகிதம் ஒவ்வொரு காட்சியிலும் ஒரே மாதிரி இருக்காது. சின்னம் பெரிதாக இருப்பதுபோல் தெரிந்தால் உடம்பு சிறிதாக இருந்திருக்கலாம்.

மூன்றாவது, கயிற்றில் தொங்கும் ஷாட்கள். உடுப்புக்குள் இடுப்பு வார்க்கட்டு இருப்பதால் இடுப்பும் தொடையின் மேற்பகுதியும் தடித்துத் தெரியும். பெல்ட்டும் சற்று ஏறி உட்காரும். ஜட்டியின் வெட்டையோ பெல்ட்டின் உயரத்தையோ இவற்றிலிருந்து எடுக்கவே கூடாது.

நான்காவது, அடுத்த பாகங்கள். 1980, 1983, 1987 என்று வந்த மூன்று தொடர்ச்சிகளிலும் ரீவே நடித்தார். இரண்டாம் பாகத்தின் ஒரு பகுதி முதல் படத்தோடு சேர்த்தே எடுக்கப்பட்டது. மீதி வேறு இயக்குநரோடு பின்னால் எடுக்கப்பட்டது. பெயரோ ஆண்டோ இல்லாமல் பகிரப்படும் படங்களில் இந்த நான்கும் கலந்தே கிடக்கும். பின்னணிக் காட்சி, முடியின் நீளம், எதிரில் நிற்கும் நடிகர் ஆகியவற்றை வைத்துப் பிரிக்க வேண்டும். பிரிக்க முடியாத படத்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடலாம்.

நடைமுறையில் ஐந்து ஃபோல்டர்கள் போதும்: செட் ஸ்டில், ஸ்டுடியோவில் எடுத்த விளம்பரப் படம், திரைப்பட ஃப்ரேம், பறக்கும் காட்சி, பின்னாளில் ஏலத்திலோ கண்காட்சியிலோ எடுக்கப்பட்ட உடையின் படம். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கேள்விக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். வடிவத்துக்குச் செட் ஸ்டில். தையல் கோட்டுக்கும் துணியின் நெசவுக்கும் ஏலப் படம். ஆனால் ஏலப் படத்தில் நிறம் வேண்டாம்; பல ஆண்டு வெளிச்சமும் வியர்வையும் பட்ட துணி அது. பொம்மையில் மாட்டிய விதமும் நடிகர் உடம்பில் இருந்த விதமும் ஒன்றல்ல என்பதால் பொருத்தத்துக்கும் அது உதவாது. கேப் விழும் விதத்துக்குத் திரைப்பட ஃப்ரேம். அசைவு அதில்தான் இருக்கிறது.

பிறகு ஒரே ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டுமே இலக்காக வைக்க வேண்டும். இந்த ஆய்வின் இலக்கு தரையில் நிற்கும், வார்க்கட்டு இல்லாத, நீல உடை.

படம் எந்த அளவுக்குப் பொய் சொல்லும்

திரைப்பட ஃப்ரேமை அளப்பதற்கு முன் அதன் அகல உயர விகிதத்தைச் சரிபார்க்க வேண்டும். பழைய டிவிடியிலிருந்து எடுத்த ஃப்ரேம்கள் 720×480 அல்லது 720×576 புள்ளிகளில் சேமிக்கப்பட்டிருக்கும். அகலத்திரைப் பதிப்பில் இவை முறையே 854×480, 1024×576 ஆக விரிய வேண்டியவை. விரிக்காமல் பகிரப்பட்ட படத்தில் ஆள் ஒல்லியாக இருப்பார்: முதல் வகையில் சுமார் 16 சதவீதம், இரண்டாவதில் சுமார் 30 சதவீதம் குறுகல். அந்தப் படத்தின் மேல் தாளை வைத்துச் சின்னத்தை நகலெடுத்தால் நெட்டையான, கூர்மையான கேடயம் வரும். ஃப்ரேமில் நேராகத் தெரியும் வட்டமான பொருள் ஏதாவது இருந்தால், கடிகாரமோ சக்கரமோ, அதன் அகலமும் உயரமும் சமமா என்று பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. இந்தப் படம், காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதிவு செய்யும் அனமார்ஃபிக் லென்ஸில் எடுக்கப்பட்டது என்பதால் ஃப்ரேமின் ஓரங்களில் வளைவும் இருக்கும். நடுப்பகுதியில் உள்ளதை மட்டும் அளப்பது நல்லது.

செட் ஸ்டில்கள் சாதாரண லென்ஸில் எடுக்கப்பட்டவை. இந்தத் தொல்லை அவற்றில் இல்லை. ஆனால் கோணம் உண்டு. நாயகனைத் தாழ்வான இடத்திலிருந்து எடுப்பதுதான் வழக்கம். மார்பின் மேற்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தப் பரப்பு கேமராவிலிருந்து 20 பாகை விலகியிருந்தால் சின்னத்தின் உயரம் 6 சதவீதம் குறைந்து தெரியும். 30 பாகை என்றால் 13 சதவீதம். தாழ்கோணப் படத்திலிருந்து எடுத்த சின்னங்கள் அகலமாகவும் சப்பையாகவும் வருவதற்குக் காரணம் இதுதான். கேமரா மார்பு உயரத்தில் இருக்கும் படங்களை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அதை அறிய ஓர் எளிய வழி: பெல்ட்டின் மேல்விளிம்பு மேல்நோக்கி வில்லாக வளைந்தால் கேமரா இடுப்புக்குக் கீழே இருக்கிறது, கீழ்நோக்கி வளைந்தால் இடுப்புக்கு மேலே. மார்பு உயரக் கேமராவில் பெல்ட் மிக லேசாகக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். கழுத்துவிளிம்பைத் தாண்டியும் கேமரா ஏறவில்லையா என்பதைத் தாடையின் அடிப்பகுதி தெரிகிறதா என்று பார்த்து உறுதிசெய்யலாம்.

அளவுகோலுக்கு எதை வைப்பது? ரீவின் உயரம் 193 செ.மீ. முழு உருவப் படத்தில் அது உதவும் என்று தோன்றும். பூட்ஸின் குதி, முடியின் எழுச்சி, நிற்கும் தோரணை எல்லாம் சேர்ந்து 3, 4 செ.மீ. பிழையைக் கொண்டுவந்துவிடும். நெருக்கப் படத்தில் அதைவிட நம்பகமானது கருவிழி. வளர்ந்தவர்களுக்குக் கருவிழியின் நிற வளையத்தின் விட்டம் ஏறத்தாழ 12 மி.மீ.; ஆளுக்கு ஆள் அதிகம் மாறாது. படத்தில் அது குறைந்தது 40 புள்ளிகள் இருந்தால்தான் பயன். இல்லையென்றால் ஒரு புள்ளி பிசகே இரண்டரை சதவீதம். கண்ணும் மார்பும் ஒரே தூரத்தில் இல்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கேமரா 3 மீட்டரில் இருந்து, மார்பு 10 செ.மீ. முன்னால் இருந்தால், மார்பில் உள்ள எல்லாமே சுமார் 3 சதவீதம் பெரிதாகத் தெரியும்.

உண்மையில் அசல் சென்டிமீட்டர் பலருக்குத் தேவைப்படாது. உடுத்துபவர் 174 செ.மீ. உயரம் என்றால் 193 செ.மீ. மனிதரின் சின்னத்தை அப்படியே வெட்டி ஒட்டினால் அது வயிறு வரை இறங்கிவிடும். வேண்டியது விகிதங்கள்: சின்னத்தின் அகலம் தோள் அகலத்தில் எத்தனை பங்கு, சின்னத்தின் மேல்விளிம்பு காறை எலும்பிலிருந்து எவ்வளவு கீழே, அடிமுனை மார்புக்கூட்டின் எந்த இடத்தில் முடிகிறது, பெல்ட்டின் அகலம் சின்னத்தின் உயரத்தில் எத்தனை பங்கு. குறைந்தது நான்கு படங்களில் இவற்றை அளந்து, ஒன்றோடொன்று 5 சதவீதத்துக்கு மேல் முரண்படுகிற படத்தை நீக்கிவிட்டு, மீதியின் நடு மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். உயரத்தை வைத்துச் சுருக்குவதைவிட மார்பு அகலத்தை வைத்துச் சுருக்குவதே சரியாக வரும். பார்ப்பவரின் கண் சின்னத்தை மார்போடுதான் ஒப்பிடுகிறது.

மார்புச் சின்னம்

வேலையில் பாதி இதுதான். கணினியில் வரைவதற்கு முன் படத்தை மூன்று நிற அலைவரிசைகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சிவப்பு அலைவரிசையில் சிவப்பும் மஞ்சளும் வெளிர், நீலம் இருட்டு; சின்னத்தின் வெளிக்கோடு அதில் கத்தியால் வெட்டியதுபோல் தெரியும். பச்சை அலைவரிசையில் மஞ்சள் வெளிர், சிவப்பு இருட்டு. ‘எஸ்’ எழுத்தின் உள்வளைவுகள் அதில் தெளிவாகும். வண்ணப் படத்தில் நேரடியாக நகலெடுத்தால் சிவப்பும் நீலமும் சேரும் இடத்தில் கோடு கலங்கியே இருக்கும். ஜேபெக் படங்களில் நிற விவரம் பெரும்பாலும் பாதித் துல்லியத்தில்தான் சேமிக்கப்படுகிறது. அந்த இடத்தில் வெளிச்ச வேறுபாடும் குறைவு.

அடுத்து வளைவு. மார்பு தட்டையான பலகை இல்லை. படத்தில் தெரிவது நாண். துணியில் வெட்ட வேண்டியது வில். மார்பின் வளைவு ஆரம் 20 செ.மீ. என்றும் படத்தில் சின்னத்தின் அகலம் 25 செ.மீ. என்றும் வைத்துக்கொண்டால், துணியில் அது 27 செ.மீ. இருக்க வேண்டும். 8 சதவீத வித்தியாசம். மேலும் இந்த விரிவு சீரானதல்ல. நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, இரு ஓரங்களில்தான் முழுவதும். ஆகவே படத்தை மொத்தமாகப் பக்கவாட்டில் இழுத்தால் நடுவில் உள்ள எழுத்து தடித்துவிடும். சின்னத்தை நீளவாட்டில் ஏழெட்டுப் பட்டைகளாகப் பிரித்து, ஓரப் பட்டைகளை மட்டும் படிப்படியாக அகலப்படுத்துவதே சரியான வழி.

தாளில் முதல் நகல் எடுத்ததும் அதை உடுத்துபவரின் மார்பில் டேப்பால் ஒட்டி, இலக்குப் படத்தின் அதே கோணத்தில் போட்டோ எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக 50 சதவீத ஒளிபுகு நிலையில் வைத்துப் பார்க்கலாம். இந்தக் கட்டத்தில் தாளுக்குத்தான் செலவு. துணிக்குப் போன பிறகு ஒவ்வொரு திருத்தமும் ஒரு முழுச் சின்னம்.

துணியில் இதைச் செய்யும்போது பெரும்பாலோர் இடறுவது ஒரே இடத்தில். நீல உடுப்பைத் தட்டையாக மேசையில் விரித்து, சின்னத்தை வைத்துத் தைத்துவிடுகிறார்கள். உடுத்தியதும் நீலத் துணி மார்பின் மேல் இழுபட்டு விரிகிறது. தைத்த சின்னம் விரியாது. விளைவு, சின்னத்தின் ஓரம் எங்கும் சுருக்கம், நடுவில் குழி. சரியான வரிசை இது:

1. உடுப்பு முழுவதும் தைத்து முடித்து, பின்ஜிப் வைத்து, உடுத்திப் பார்த்துப் பொருத்தம் சரிசெய்யும்வரை சின்னத்தைத் தொடக் கூடாது.
2. உடுத்திய நிலையில் தாள் சின்னத்தை ஒட்டி, சுற்றிலும் துவைத்தால் போகும் சாக்கால் கோடு போட வேண்டும். கைகள் தொங்கும் நிலையில் ஒரு முறை, இடுப்பில் ஊன்றிய நிலையில் ஒரு முறை கோட்டைச் சரிபார்க்கலாம்.
3. கழற்றியதும் கோடு சுருங்கியிருக்கும். 27 செ.மீ. போட்டது 24, 25க்கு வந்திருக்கலாம். அந்தப் பகுதியை ஒரு ஃபோம் பலகையின் மேல் குண்டூசிகளால் இழுத்து, கோடு மறுபடி 27 செ.மீ. ஆகும்வரை விரித்து நிறுத்த வேண்டும்.
4. அந்த விரிந்த நிலையிலேயே சின்னத்தை வைத்து முதலில் கையால் ஓட்டுத்தையல், பிறகு பலகையிலிருந்து எடுத்து மெஷினில் ஜிக்ஜாக்.

சின்னத்துக்கும் இழுபடும் துணியையே பயன்படுத்தினால் இன்னும் நல்லது. மஞ்சளை முழு அடித்தளமாக வைத்து, அதன்மேல் சிவப்பு ஓரத்தையும் எழுத்தையும் ஒரே துண்டாக வெட்டிப் பொருத்துவது சுத்தமாக வரும். தனித்தனி மஞ்சள் துண்டுகளைப் பதித்தால் முனைகளில் பிசிறு தப்பாது. இஸ்திரி போட்டு ஒட்டும் வலையைச் சின்னத்தின் முழுப் பரப்பிலும் வைக்கக் கூடாது. துணியின் இழுவை செத்துவிடும், சின்னம் அட்டை மாதிரி நிற்கும். விளிம்பை ஒட்டி 5 மி.மீ. பட்டை போதும். ஸ்பான்டெக்ஸ் என்ற இழுபடும் செயற்கை இழை கலந்த துணி என்பதால் இஸ்திரி மிதமான சூட்டில், மேலே பருத்தித் துணி போட்டு.

துணியும் நிறமும்

எல்லோரும் முதலில் கேட்பது நீலத்தைப் பற்றி. படங்களிலிருந்து மிகக் குறைவாக நம்பக்கூடியதும் அதுவே. ஒளிப்பதிவாளர் ஜெஃப்ரி அன்ஸ்வர்த் மென்மையாக்கும் ஃபில்டர்களுக்குப் பேர்போனவர். அவை நிழல்களை வெளுக்கச் செய்து, நிறத்தின் அடர்த்தியைக் குறைக்கும். அக்காலத்துத் திரைப்பட பிரிண்டுகளில் நாளடைவில் சயன் சாயம் மங்கி, படம் சிவப்புப் பக்கம் சாயும். பிறகு வந்த ஒவ்வொரு வீடியோ பதிப்பிலும் நிறம் புதிதாகத் திருத்தப்பட்டது. இவ்வளவையும் தாண்டி ஒரு புள்ளியின் எண்ணை எடுத்து ‘இதுதான் அசல் நீலம்’ என்று சாதிப்பதில் பொருளில்லை.

செய்யக்கூடியது, ஒரே படத்துக்குள் மூன்று நிறங்களின் உறவைப் பிடிப்பது. இலக்குப் படத்தில் நீலம் சிவப்பைவிட எவ்வளவு இருட்டு, கறுப்பு வெள்ளையாக மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றனவா, மஞ்சள் எலுமிச்சைப் பக்கமா முட்டைக்கரு பக்கமா என்பவை படம் மாறினாலும் அதிகம் மாறுவதில்லை. துணி மாதிரிகளைச் சாம்பல் அட்டையோடு சேர்த்து, 3200 கெல்வின் விளக்கிலும் பகல் வெளிச்சத்திலும் போட்டோ எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும் இரண்டு நீலங்கள் மற்றொன்றில் ஒன்று ஊதாவாகவும் ஒன்று பச்சையாகவும் பிரிந்துபோவது சாதாரணம். சாயம் வேறு என்றால் அப்படித்தான் ஆகும்.

நிறத்தைவிடப் பெரிய துரோகி பளபளப்பு. செட் ஸ்டில்களில் தோளிலும் தொடையிலும் விழும் வெளிச்சம் பரந்து, மங்கலாக இருக்கிறது. நீச்சல் உடைக்கான துணியில் அது கோடாக மின்னும். நைலான் 80, ஸ்பான்டெக்ஸ் 20 சதவீதம் கலந்த, சதுர மீட்டருக்கு 200 முதல் 240 கிராம் எடையுள்ள, நான்கு பக்கமும் இழுபடும் மேட், அதாவது பளபளக்காத, துணி பொருத்தம். 180 கிராமுக்குக் கீழே போனால் முட்டியிலும் முழங்கையிலும் இழுபட்டு வெளுக்கும். பளபளப்பான துணிதான் கிடைத்தது என்றால் உட்புறத்தை வெளியே திருப்பித் தைத்துப் பார்க்கலாம். பல துணிகளில் அது போதுமான அளவு மேட்டாக இருக்கும்.

சரியான நீலம் கடையில் இல்லையென்றால் வெள்ளை நைலான் ஸ்பான்டெக்ஸை வாங்கி ஆசிட் சாயத்தில் தோய்க்கலாம். பாலியெஸ்டர் கலந்த துணி வேண்டாம். அது டிஸ்பர்ஸ் சாயமும் சுமார் 130 டிகிரி அழுத்தக் கொதியும் கேட்கும், ஸ்பான்டெக்ஸ் அதில் தாங்காது. கணக்கு எளிது. உலர்ந்த துணி 400 கிராம், சாயம் துணி எடையில் 1.5 சதவீதம் என்றால் 6 கிராம். நீர் முப்பது மடங்கு, 12 லிட்டர். 40 டிகிரியில் துணியை இறக்கி, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் 80, 85 வரை ஏற்றி, அங்கே முக்கால் மணி நேரம். அமிலம், சிட்ரிக் ஆசிடோ வினிகரோ, பாதி வழியில் இரண்டு மூன்று தவணைகளாகச் சேர்த்து பிஎச் 4.5 முதல் 5க்குள் நிறுத்த வேண்டும். நைலான் சாயத்தை வெறியோடு உறிஞ்சும். சூட்டையோ அமிலத்தையோ அவசரப்படுத்தினால் முதலில் பட்ட இடம் அடர்ந்து, மேகம் மேகமாகத் திட்டு விழும். பிறகு அதைச் சரிசெய்ய முடியாது; இன்னும் இருட்டான நீலமாக்கலாம், அவ்வளவுதான். முதலில் 10 கிராம் துண்டுகளில் 1, 1.5, 2 சதவீதம் என்று மூன்று மாதிரி போட்டு, முழுவதும் உலர்ந்த பிறகே ஒப்பிட வேண்டும். ஈரத்தில் எல்லா நீலமும் அழகுதான். உடுப்பு, ஸ்லீவ், கால்சட்டை எல்லாத் துணியும் ஒரே தோய்ப்பில். மிச்சம் அரை மீட்டராவது இருக்கட்டும்.

உடுப்பு, ஜட்டி, பெல்ட்

மேலுடுப்பைச் சட்டையாகத் தைத்தால் கையைத் தூக்கியதும் பெல்ட்டுக்குள்ளிருந்து உருவிக்கொண்டு வரும், சின்னம் கழுத்துக்கு ஏறும். லியோடார்டாக, கவட்டை வழியே இணையும்படி தைக்க வேண்டும். முக்கியமான அளவு, தோள் நடுவிலிருந்து கவட்டை வழியாகத் திரும்பத் தோளுக்கு வரும் சுற்றளவு. குறுக்கில் உடல் அளவைவிட 10 சதவீதம் குறைத்தும், நெடுக்கில் 4 சதவீதம் குறைத்தும் வெட்டித் தொடங்கலாம். துணியின் இழுவையைப் பொறுத்து மாறும். நெடுக்கில் அதிகம் குறைத்தால் தோள் அழுந்தி, கழுத்துவிளிம்பு கீழே இழுபடும். அக்குளில் 8 முதல் 10 செ.மீ. வைர வடிவத் துண்டு ஒன்று வைத்தால், கையை முழுவதும் மேலே நீட்டும் பறக்கும் தோரணையிலும் சின்னம் 1 செ.மீ.க்கு மேல் நகராது. அந்தத் துண்டின் தையல் கை தொங்கும்போது மறைந்துவிடும்.

ஸ்ட்ரெச் ஊசி 75 எண், பாலியெஸ்டர் நூல், 0.5 மி.மீ. அகலமும் 2.5 மி.மீ. நீளமும் உள்ள குறு ஜிக்ஜாக். சாதாரண ஊசியில் தையல் விட்டு விட்டு விழும். துணி ஊசியோடு சேர்ந்து எழும்பி, கொக்கி நூலைப் பிடிக்கத் தவறுவதே காரணம். ஓவர்லாக் மெஷின் இருந்தால் அதில் நூலைப் பின்னும் லூப்பர்களில் இழுபடும் நைலான் நூல்.

சிவப்பு ஜட்டியைப் பற்றி எவ்வளவு கேலி செய்தாலும், உடையின் விகிதத்தைத் தாங்கி நிற்பது அதுதான். கால் விளிம்பு எந்த உயரத்தில் இடுப்பு எலும்பை வெட்டுகிறது என்பதை வைத்தே கால்கள் நீளமா குட்டையா என்று கண் முடிவு செய்கிறது. நீச்சல் உடை பேட்டர்னை எடுத்தால் வெட்டு மிக உயரும். இந்த உடையில் பக்கத் துணி கணிசமான உயரம் உள்ளது. கால் எலாஸ்டிக் விளிம்பு நீளத்தில் 90 சதவீதத்துக்குக் குறைந்தால் தொடையில் பள்ளம் விழும். ஜட்டியைத் தனியாக அணிவதைவிட லியோடார்டின் மேல் இடுப்பில் நான்கு இடங்களில் கைத்தையலால் பிடித்துவிட்டால் முறுக்கிக்கொள்ளாது.

பெல்ட் இழுபடும் துணியின் மேல் நிற்காது, நழுவும். ஜட்டியில் தைத்த வளையங்கள்தான் அதைப் பிடிக்கின்றன. பெல்ட்டின் பிணைப்பு பின்னால், கேப்பின் மறைவில் வெல்க்ரோவாக இருக்கலாம். முன்னால் உள்ள நீள்வட்டப் பக்கிள் அலங்காரம் மட்டுமே. பக்கிளைக் களிமண்ணில் செதுக்கி ரெசினில் வார்ப்பவர்கள் களிமண்ணின் பெட்டியைப் படிக்க வேண்டும். கந்தகம் கலந்த களிமண்ணின் மேல் பிளாட்டினம் வகை சிலிகான் ஊற்றினால் தொடும் பரப்பு உறையாமல் பிசுபிசுவென்றே நிற்கும்.

கேப்

கேப் கழுத்தில் கட்டியது இல்லை. உடுப்பின் கழுத்துவிளிம்புக்குள் செருகியதுபோல் முன்னால் மடிந்து இறங்குகிறது. முதுகில் உள்ள சின்னம் மஞ்சள் மட்டுமே. மார்புச் சின்னத்தையே நகலெடுத்து முதுகில் ஒட்டுவது பரவலான பிழை.

துணியின் கனத்தை மடிப்பின் வளைவிலிருந்து ஊகிக்கலாம். ஃப்ரேம்களில் மடிப்புகள் பெரிதாக, உருண்டு, மெதுவாக அசைகின்றன. சாட்டின் பளபளக்கும், சிறு மடிப்பாக நொறுங்கும். சதுர மீட்டருக்கு 280 முதல் 320 கிராம் எடையுள்ள கம்பளி அல்லது கம்பளி கலந்த துணி அந்த அசைவைத் தரும். 130 செ.மீ. ஆரமுள்ள அரைவட்டம் என்றால் பரப்பு 2.65 சதுர மீட்டர். 300 கிராம் துணியில் எடை சுமார் 800 கிராம்.

அந்த 800 கிராம் முழுவதும் கழுத்துவிளிம்பில் தொங்கினால் பத்து நிமிடத்தில் கழுத்து பின்னால் இழுபட்டு, தொண்டையை அறுக்கும்; சின்னமும் மேலேறும். கேப்பின் எடையை உடுப்பின்மேல் ஏற்றவே கூடாது. உள்ளே மெல்லிய, இழுபடாத பருத்தித் துணியில் தோளை மூடும் ஒரு சிறு யோக் தைத்து, அக்குள் வழியே குறுக்காக நாடா கட்டி, கேப்பை அதில் ஹூக்கால் மாட்ட வேண்டும். எடை தோளெலும்பில் இறங்கும். முன் மடிப்பின் நுனியில் மட்டும் ஒரு பிரஸ் பட்டன், உடுப்பின் உட்புறத்தில்.

வெட்டியதும் ஓரம் அடிக்கக் கூடாது. அரைவட்டத்தில் நெசவுக்கு மூலைவாட்டில் விழும் பகுதிகள் தன் எடையாலேயே நீளும். இரண்டு நாள் தொங்கவிட்டு, பிறகு தரையிலிருந்து அளந்து விளிம்பைச் சமமாக்கி, அதன்பின் மடித்துத் தைத்தால் அலை விழாது.

பூட்ஸுக்கு விசேஷமாக எதுவும் இல்லை. பொருத்தமான தட்டைக்குதி ஷூவின் மேல் காலுக்கு பிளாஸ்டிக் உறையும் டக்ட் டேப்பும் சுற்றி, கோடு போட்டு வெட்டி எடுத்தால் பேட்டர்ன் தயார். மேல்விளிம்பின் முன்வெட்டை முழங்காலுக்குக் கீழே எந்த இடத்தில் நிறுத்துவது என்பதற்கு மட்டும் படத்தைப் பார்க்க வேண்டும். பழைய தோல் பூட்ஸுக்குச் சிவப்பு அடிப்பதானால் அசிட்டோனால் பழைய பூச்சை நீக்கிவிட்டு, நீர்க்கச் செய்த தோல் பெயின்ட்டை நான்கைந்து மெல்லிய பூச்சாகப் போட வேண்டும். ஒரே கனமான பூச்சு கணுக்கால் மடிப்பில் வெடித்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்ப்பது

முடிந்த உடையைக் கைப்பேசியில் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து, அசலோடு ஒப்பிடுவது வீண். கைப்பேசியின் அகலக்கோண லென்ஸ் மார்பை ஊதிக் காட்டும். 3 மீட்டராவது தள்ளி, மார்பு உயரத்தில் கேமராவை வைத்து, ஜூம் செய்து, இலக்குப் படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கத்தில் விளக்கை வைத்து எடுக்க வேண்டும். பிறகு இரு படத்தையும் தோள் அகலத்துக்குப் பொருத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மாற்றி மாற்றிப் பார்க்கலாம். முதலில் கறுப்பு வெள்ளையில். வடிவமும் வெளிச்ச வேறுபாடும் அங்கே ஒத்துவந்தால் நிறம் அரைப் படி தள்ளியிருந்தாலும் கண் மன்னித்துவிடும். வடிவம் தப்பினால் எந்த நீலமும் காப்பாற்றாது.

இந்தச் சோதனையில் அடிக்கடி அகப்படுவது மூன்று: கழுத்துவிளிம்பு ஒரு செ.மீ. மேலே இருப்பது, பெல்ட் தொப்புள் உயரத்துக்கு ஏறியிருப்பது, கேப்பின் முன்மடிப்பு தோளை முழுவதும் மூடிவிடுவது. மூன்றும் தைத்த பிறகும் திருத்தக்கூடியவை. சின்னத்தின் அகலம் தப்பியிருந்தால் மட்டும் பிரித்துத்தான் ஆக வேண்டும். அப்போது பழைய ஊசித்துளைகள் தெரியாதபடி புதிய சின்னம் சற்றாவது பெரிதாக இருந்தால் அதிர்ஷ்டம்.

துவைப்பதற்கு முன் சிவப்புத் துணி ஒவ்வொன்றையும் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். நிறம் ஏறினால் குளிர்ந்த நீரில், சிவப்பைத் தனியாக, தெளிநீர் வரும்வரை அலசிவிட்டு, அதற்குரிய நிறம் நிறுத்தும் கரைசலில் ஊறவைத்த பிறகே மஞ்சளோடு சேர்க்கலாம். சின்னம் தைத்த பிறகு இந்தச் சோதனையைச் செய்வதில் பயனில்லை. சிவப்பு ஒரு முறை மஞ்சளில் இறங்கினால் வெளியே வராது.